ஆபரேஷன் தியேட்டரில் திறந்த பெட்டி

இரண்டாயிரத்துகளின் பிற்பகுதியில் ஓர் ஆடிக் கிருத்திகை நாள். சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், திருப்பதிக்கு அப்பால் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஓர் அலுமினியப் பெட்டி. அன்று கிருத்திகை என்பதே, கனகம்மாசத்திரம் தாண்டி ரோடு முழுக்கக் காவடிகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

திருத்தணிக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஊரைக் கடந்து நடந்தால் அந்தப் பக்கம் திருப்பதி பஸ் இருக்கும் என்றார் கண்டக்டர்.

பெட்டிக்குள் இருந்தது கையளவு கண்ணாடி உருளை. இரு முனையிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடிகள். ரேடாருக்கு வேண்டிய மைக்ரோவேவ் அலைகள் சீராகத் துடிக்க வேண்டும். துடிப்பில் வரும் சிறு தடுமாற்றத்தைத்தான் நாங்கள் இரைச்சல் என்போம். லேசரின் ஒளியை இந்தக் கண்ணாடியோடு பிணைத்துவிட்டால் அது அலைபாயாது. பிறகு, சீப்பின் பற்கள்போல் சம இடைவெளியில் பல நிறங்களைத் தரும் ‘ஒளிச் சீப்பு’ என்ற இன்னொரு லேசரால் ஒளியின் அதிவேகத் துடிப்பை மைக்ரோவேவ் அளவுக்கு வகுத்து இறக்கலாம். வகுக்கும்போது தடுமாற்றமும் சேர்ந்து குறையும். ஆனால் ஆடியில் ஒரு தூசி விழுந்தால் எல்லாம் போயிற்று. வெளிநாட்டிலிருந்து அதை வரவழைக்க எங்கள் பேராசிரியர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தடுப்புக் கட்டை அருகே ஒரு கான்ஸ்டபிள் உலோகம் கண்டறியும் கருவியை நீட்டினார். அது அலறியது.

“பொட்டில இன்னாமா கீது? தொறந்து காட்டு.”

“கண்ணாடிங்க. தூசி பட்டா வீணாப் போயிடும். இங்க தொறக்க முடியாதுங்க.”

சத்தம் கேட்டு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். பேராசிரியரிடம் போனில் பேசினார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும், “உன் வார்த்தைய நம்பறேன்மா. ஆனா இத்தினி ஜனம் வந்துகினு கீது. பொட்டிய பாக்காம வுடமாட்டேன்” என்றார்.

திரும்பிப் போய்விடுகிறேன் என்றேன். அப்போதும் பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று புரிந்ததால்தான் எனக்கு அழுகை வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என்னைப் பார்த்து அவர் கேட்டார்: “சரி, எங்க தொறந்தா வீணாவாது?”

“தூசியே இல்லாத ரூம் வேணுங்க. ஆபரேஷன் தியேட்டர் மாதிரி.” ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ஆங். எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரி பக்கத்துலதான் கீது. வா.”

திருவிழாவுக்காக அன்று அங்கே ஆபரேஷன் இல்லை. டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எங்கள் கைகளைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். மூவரும் பச்சை அங்கி, தொப்பி, முகமூடி மாட்டிக்கொண்டோம். காக்கி உடுப்பின்மேல் அந்த அங்கி சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முட்டிவரைதான் வந்தது. பெட்டியைத் துடைத்துத் திறந்து, உள்ளிருந்த உறையை வெட்டினேன். கத்தரி நழுவிவிடாமல் டாக்டர் என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இவ்ளோதானா? இத்த வெச்சி இன்னா பண்ணுவீங்க?”

சொன்னேன்.

“வெளிச்சத்துக்குச் சீப்பா!” என்று சிரித்தவர், சட்டென்று முகமூடியைப் பொத்திக்கொண்டார், தூசி பறந்துவிடுமோ என்று.

டாக்டர் புது உறை கொடுத்தார். அம்மா ஜீப்பில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு, பெட்டியில் யார் கையும் படக்கூடாது என்று கண்டக்டரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாதம் கழித்து, திரையில் இரைச்சல் கோடு நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கிய வாரத்தில் திருத்தணிக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டாக்டர் மட்டும், நோயாளியை விசாரிப்பதுபோல், “கண்ணாடி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

இன்று ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் நான் இருக்கிறேன். விதியைத் தளர்த்தாமலே ஒருவருக்கு உதவ முடியும், அதற்கு இன்னும் ஒரு கேள்வி கேட்கும் பொறுமை இருந்தால் போதும் என்பதை, தேடிப் போயும் நன்றி சொல்ல எனக்குக் கிடைக்காத அந்த அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.