அவித்த முட்டையும் அடைகாத்த வாத்தும்

யுத்தம் முடிந்து, கொருக்குப்பேட்டையில் தங்கியிருந்த பட்டாளக்காரர்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போனபோது, கறிக்கு வளர்த்த சீமை வாத்துகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். முகத்தில் சிவப்புச் சதை தொங்கும் அவலட்சணமான ஜாதி. எங்கள் எண்ணெய் ஆலை லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த குட்டையில் குடியேறி, தண்ணீரே தெரியாத அளவுக்குப் பெருகிவிட்டன. முதலில் பிடித்துத் தின்றோம். ஆலைக் கழிவில் மேய்ந்த கறி எண்ணெய்ச் சிக்கு நாறியது. பிறகு யாரும் தொடவில்லை. எச்சம் குட்டையோரக் கிணற்றில் இறங்கியது. மழைக்காலத்தில் லைனில் வாந்திபேதி வந்து குழந்தைகள் செத்தன.

வீட்டுக்கு ஒரு ஆம்பிளை தடியோடு வந்து வாத்தடிக்க வேண்டும், வராதவன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆலை மேஸ்திரி உத்தரவு போட்டார்.

எனக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பிறந்த சூட்டிலேயே பறிகொடுத்திருந்தோம். பிள்ளைத்தாச்சியின் புருஷன் பாம்பைக்கூட அடிக்கமாட்டான். என் வீட்டுக்காரர் வாத்தை அடிப்பாரா? வீடு போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. வயிற்றுப் பிள்ளையோடு தெருவில் நிற்கப்போவது யார்?

கோழி வளர்த்த கை என்னுடையது. கோழியோ வாத்தோ, முட்டையை எடுத்துவிட்டால் மறுபடி இடும். அவித்துத் திரும்ப வைத்துவிட்டால் அதையே நம்பி உட்கார்ந்திருக்கும். நானே மேஸ்திரியிடம் போனேன்.

“மத்தவங்க அடிக்கட்டும். முட்டைங்கள நாங்க பாத்துக்கறோம்.”

“குஞ்சு ஒண்ணு கண்ணுல பட்டாலும் வூட்டக் காலி பண்ணிக்கினு போயிடணும்” என்றார்.

என் வீட்டுக்காரர் கோரைக்குள் இறங்கி முட்டைகளைத் தேடிக் கூடையில் கொண்டுவருவார். நான் மண்ணெண்ணெய் டின்னில் அவித்துக் கொடுப்பேன். கொண்டுபோய் அந்தந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்.

“இதுவும் உசுருதானே?” என்றார் ஒருநாள்.

“ஓட்ட நாம ஒடைக்கலியே” என்றேன். நம்பினார். நம்பாமல் எங்களுக்கு வேறு வழியில்லை.

ஒருமுறை டின்னுக்குள் ஒரு முட்டை வெடித்தது. உள்ளே கண்மூடிய குஞ்சு, ஈர இறகோடு. நான் எடுத்துச் சாக்கடையில் போடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

ஒன்பதாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றது. மருத்துவச்சி காதை வைத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? “முட்டைய அவிச்ச பாவம்” என்றார்கள், என் காதில் விழும்படியே. முந்தைய இரண்டும் போனபோது எந்த முட்டையை அவித்தேன் என்று படுத்தபடியே கத்தினேன். எனக்கு வந்தது கோபம்தான், இன்றைக்கும் அதே கோபம்தான்.

அவர் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து குளித்தார். மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டில் ஒரு தடியை வாங்கிக்கொண்டு வந்தார்.

“எங்கய்யா போற?”

“குட்டைக்கு. இனிமே நான் அடிக்கலாமில்ல.”

அடைகாக்கும் வாத்து ஆள் வந்தாலும் எழுந்து ஓடாது. அவருக்குத் தேடி அலையும் வேலையும் இல்லை; ஒவ்வொன்றும் இருக்கும் இடம் தெரியும். மத்தியானம் மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்று, இந்த வீடு இனி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.