வளைவு வேண்டாம் என்ற செயலாளர் அக்கா

பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "நான் கையெழுத்துப் போடமாட்டேன் லா" என்று செயலாளர் அக்கா சொன்ன அந்த நொடி இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. மண்டபம் நிறைய ஆட்கள். சுவரில் நான் வரைந்த வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தூண்கள், மேலே ஒரு வளைவு, அதில் குடியிருப்பின் பெயர். அப்போது நான் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சிறிய கட்டட வரைபட நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சமூக மேம்பாட்டு மானியத்தில் நுழைவு வளைவு கட்டப் போகிறார்கள், போய் விளக்கிவிட்டு வா என்று முதலாளி என்னைச் சுங்கை சிப்புட் பக்கம் அனுப்பியிருந்தார். கைதட்டுவார்கள் என்று நினைத்துப் போனவள் நான்.

தாமான் என்று அங்கே சொல்லும் அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய ரப்பர் தோட்டத்து மக்கள். தோட்டம் கைமாறி, அவர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபோது, பெரிய கால்வாய்க்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு மலிவு விலை வீடுகள் கிடைத்தன. தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே, அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பள்ளிக்கு இரண்டு வழி. மணல் லோரிகள் பறக்கும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் கால்வாய்க்குக் குறுக்கே கிடக்கும் பழைய தண்ணீர்க் குழாயின்மேல் கைகளை விரித்து நடக்கலாம். பிள்ளைகள் குழாயில்தான் நடந்தார்கள். அக்கா கேட்டது அங்கே ஒரு நடைபாலம். மானியம் கொடுக்கும் அலுவலகமோ, இந்த முறை அழகுபடுத்தும் வேலைகளுக்கு மட்டும்தான் பணம் என்று சொல்லிவிட்டது. வருடம் முடிவதற்குள் செலவாகிவிட வேண்டும். வளைவு என்றால் சீக்கிரம் எழும்பிவிடும்.

அக்கா செயலாளராக இருந்த குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் வேறு யாருமில்லை, அக்காவின் சொந்த அண்ணன். "கெடைக்கிறத வாங்கிக்குவோம் லா. விட்டா அடுத்த தாமானுக்குப் போயிரும்" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எத்தனையோ வருடமாக எதுவுமே கிடைக்காத மக்கள் அவர்கள்.

"போவட்டும்ணே. ஒங்க மக கையை ஒடிச்சிக்கிட்டது அந்தக் கொழாயிலதானே? வளைவு கட்டுனா அந்தக் கை நேராயிருமா?"

அண்ணன் முகம் சிவந்து எழுந்து வெளியே போய்விட்டார். தலைவர், செயலாளர் இருவருமே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த வருட மானியம் கைநழுவிப் போனது.

அதன்பிறகு குடியிருப்பு அக்காவைச் சும்மா விடவில்லை. காலையில் வீட்டு வாசலில் அவர் போட்டிருந்த தோசைக் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. வந்த காசைத் தடுத்த மகராசி என்று காதுபடவே பேசினார்கள். அண்ணன் மகள் பெரியவளானபோது ஊருக்கெல்லாம் அழைப்புப் போனது, அத்தைக்கு மட்டும் போகவில்லை. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நேராகப் போய், பிள்ளைக்கு நலங்கு வைத்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். "அத்தைய யாராச்சும் கூப்புடணுமா என்னா?" என்று பின்னாளில் என்னிடம் சொன்னபோது சிரித்தார். ஆனால் அன்று வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் அவரே சொன்னார்.

அடுத்த மானிய அறிவிப்பு வந்ததும் பேருந்து பிடித்து ஈப்போவுக்கு, என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, நீ வளைவ நல்லாத்தான் வரைஞ்ச. அதே கையால ஒரு பாலம் வரைஞ்சி குடு." முதலாளி முதலில் முணுமுணுத்தார். அக்கா நாற்காலியைவிட்டு எழவேயில்லை என்பதால் ஒப்புக்கொண்டார். நான் வரைந்தேன், முதலாளியே பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்துத் தந்தார். கால்வாய் அலுவலகம் மாவட்ட அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது, மாவட்ட அலுவலகம் கால்வாய் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. அக்கா இரண்டுக்கும் நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம் பள்ளியின் தலைமையாசிரியரையோ ஒரு தாயையோ கூட்டிக்கொண்டு போனார். பாலமெல்லாம் அழகுபடுத்தலில் வராது என்று மறுபடியும் சொன்ன அதிகாரியிடம், "அப்ப எதுல வரும்னு சொல்லுங்க சார், அதுல போட்டுக்கலாம். நாங்க இங்கதான் ஒக்காந்திருப்போம்" என்றார். கடைசியில் பாதுகாப்புப் பணி என்ற பிரிவில் அது வந்தது. அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் கம்பி கட்டும் வேலை தொடங்கிய நாளிலிருந்து தினமும் அங்கே வந்து நின்றவர் அவர்தான்.

திறப்பு விழாவன்று பிரமுகர் வரத் தாமதமானது. பள்ளி விட்டுவிட்டது. வெயிலில் பிள்ளைகள் அந்தப் பக்கம் பையோடு நிற்க, இந்தப் பக்கம் பந்தலில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா பாலத்தைக் கடந்து போய், அங்கே கட்டியிருந்த ரிப்பனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். "குனிஞ்சி வாங்கடா." அதிகாரி ஓடிவந்து, "அக்கா, இன்னும் தெறக்கல" என்றார்.

"ரிப்பன் அப்படியேதான் இருக்கு சார், அவரு வந்து வெட்டிக்கட்டும். புள்ளைங்களுக்குப் பசிக்குது."

பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து நுழைந்து, பாலம் அதிர ஓடிவந்தார்கள். முன்னால் ஓடிவந்த ஒருவனைத் தூக்கி இறக்கிவிட்டு அண்ணன்தான் முதலில் கைதட்டினார்.

இப்போது நான் சொந்தமாக ஒரு சிறிய நிறுவனம் நடத்துகிறேன். மானியம் இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டு வரும் அழைப்புகளைவிட, மானியம் இருக்கிறது, இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று வரும் அழைப்புகள்தான் இன்றைக்கும் அதிகம். அப்படி ஒன்று வந்தால், அங்கே குடியிருப்பவர்களைப் பார்க்காமல் நான் கோடு போடுவதில்லை. சில வேலைகள் இதனால் கைவிட்டுப் போயிருக்கின்றன. போகட்டும்.

அக்கா மகனோடு தஞ்சோங் மாலிமுக்குப் போய்விட்டார். மகனுக்கு அங்கே கார் தொழிற்சாலையில் வேலை, அடுக்குமாடியில் வீடு. வயதாகிவிட்டது, முழங்கால் வலி, இனி ஓய்வாக இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை.

"தங்கச்சி, இங்க லிப்ட் ஓடமாட்டேங்குது. கெழவன் கெழவியெல்லாம் மாடியிலேயே மாட்டிக்கிட்டு கெடக்குறாங்க. இவனுங்க என்னடான்னா மானியத்துல வாசல்ல நீரூற்று வைக்கப் போறானுங்களாம். நான் செயலாளரா நின்னு ஜெயிச்சிட்டேன். நீ எப்ப வார?"