மலாக்காவில் கழற்றிய தலைக்கவசம்

1. ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நானும் தங்கையும் பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் காரில் மலாக்காவுக்குக் கிளம்பினோம்.
2. ஆற்றோரத்து ஸ்கேட் பூங்காவில் அவள் முக்கால் மணி நேரம் தலைக்கவசத்தோடு ஸ்கேட் பலகை ஓட்டினாள். பெரிதாக எங்கும் விழவில்லை.
3. படம் எடுப்பதற்காகக் கவசத்தைக் கழற்றச் சொன்னேன்.
4. சரிவின் அடியில் பலகை சட்டென்று நின்றது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். இடது காதுக்கு மேலே தலை சிமெண்டில் மோதியது.
5. எழுந்து உட்கார்ந்து, "அக்கா, நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டாள்.

செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒன்று பழுதானால் முதலில் நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், காரணத்தைப் பிறகுதான் தேட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள ஐந்தையும் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினேன். மூன்றாவதை மட்டும் இரண்டு முறை அழித்துவிட்டு எழுதினேன்.

தங்கைக்குப் பதினேழு வயது. தோட்டத்தில் முன்பு ரப்பர் பாலை எடை போட்ட கொட்டகையின் சிமெண்டுத் தரையில் தானாகவே ஓட்டப் பழகியவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அந்தக் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது. தரை சமமாக இருக்கும். சரிவு என்பதே அங்கே கிடையாது. நிஜமான இடத்தில் ஒருநாளாவது ஓட்ட வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்தாள். புதுப் பலகை வாங்கிக் கொடுத்தேன். கிளம்புகிற காலையில் அம்மா அதற்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"இதுக்குமாம்மா?" என்றாள் தங்கை.

"உங்கக்கா காருக்கு வச்சேன்ல? இதுக்கும் நாலு சக்கரம்தானே? ஏறி நசுக்குடி."

சக்கரங்கள் சிறியவை, பழம் பெரியது. அவள் பலகை மேல் குதித்துத்தான் நசுக்க வேண்டியிருந்தது. மூவரும் சிரித்தோம்.

பூங்கா அழகான இடம்தான். ஒரு பக்கம் ஆறும் சுற்றுலாப் படகுகளும், அக்கரையில் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பழைய கடைவீடுகள், பின்னால் குன்றின் மேல் கூரையில்லாத தேவாலயம். சரிவின் உச்சியில் அவள் நின்றபோது இவை அத்தனையும் படத்துக்குள் வந்தன. முகத்தில் மட்டும் கவசத்தின் நிழல் விழுந்தது.

"ஹெல்மெட்ட கழட்டு. ஒரே ஒரு தடவ," என்றேன்.

"அப்பாடா. இத போட்டா நான் மோட்டர்சைக்கிள்ல வர்ற போஸ்ட்மேன் மாதிரியே இருக்கேன்லா."

அதற்குப் பிறகு நடந்தது நான்காவதும் ஐந்தாவதும்.

அவள் கேட்டதற்கு, "மலாக்கா," என்று பதில் சொன்னேன்.

"மலாக்காவா? ஏன், பகாவ்ல சோறு கிடைக்கலையா?"

சிரித்துவிட்டேன். ரத்தம் இல்லை, பேசுகிறாள், கிண்டல்கூடச் செய்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஆற்றைப் பார்த்தாள்.

"அக்கா, நாம எங்க இருக்கோம்?"

"மலாக்கா."

"மலாக்காவா? ஏன், பகாவ்ல சோறு கிடைக்கலையா?"

அதே குரல், அதே புருவ உயர்வு. முதல் தடவை சொல்கிறவளின் சந்தோஷமும் அப்படியே இருந்தது.

பிள்ளையைக் கூட்டி வந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா ஓடி வந்து, அவளைக் காரில் ஏற்ற உதவினார். தூங்க விடாதே என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். வழியில் பொம்மைகளும் பூக்களும் கட்டிய சுற்றுலா ரிக்‌ஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வரிசையாகப் போயின. அவற்றின் பின்னால் ஊர்ந்தேன். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் தங்கை அந்தக் கேள்வியை ஒன்பது தடவை கேட்டாள். ஒன்பது தடவையும் அந்தச் சோறு வந்தது. நான் குரல் நடுங்காமல் பதில் சொன்னேன். நடுங்கினால் அவள் பயப்படுவாள். எதற்குப் பயந்தோம் என்பதை மறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பயப்படுவாள். அவள் இனி இப்படியே இருந்துவிடுவாளோ என்ற நினைப்பு வந்தபோது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார் மருத்துவர். தமிழ்ப் பெண்.

"இல்ல, டாக்டர். படம் எடுக்க நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். தங்கையை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பலகை என் மடியில் இருந்தது. வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். மூன்று நன்றாகச் சுழன்றன. நான்காவது பாதியில் நின்றது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையில் எலுமிச்சைத் தோலின் நாரும் ஒரு விதையும் சிக்கியிருந்தன. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை மறைக்க விரும்பவில்லை. அம்மாவின் பழம்தான் காரணம் என்று சில நொடிகள் நிம்மதியாக இருந்தேன். முக்கால் மணி நேரம் ஓடிய சக்கரம் ஒரு விதையால்தான் நின்றதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், அவள் விழுந்ததற்குத்தான் அது காரணம். தலையில் ஒன்றும் இல்லாமல் விழுந்ததற்கு இல்லை.

மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவர் வந்து சொன்ன பிறகுதான் அம்மாவை அழைத்தேன். அம்மா அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "காலைல நான் எலுமிச்சம்பழம் வச்சதாலதான் இந்த மட்டோட போச்சு. இல்லன்னா நெனச்சுப் பாரு."

விதை என் உள்ளங்கையில் இருந்தது. "ஆமாம்மா," என்றேன். பிறகு கவசத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நீயா கழட்டச் சொன்ன?"

"நான்தாம்மா."

அம்மா போனை வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தங்கை கேட்பது நின்றுவிட்டது. ஆனால் அன்றைய நாள் அவளிடம் இல்லை; காலையில் சூடம் காட்டியது வரைதான் ஞாபகம். "ஹெல்மெட்ட நானேதான் கழட்டிருப்பேன். திமிரு," என்றாள்.

"இல்ல. நான்தான் கழட்டச் சொன்னேன்."

என் கைப்பேசியைப் பார்த்தாள். "படம் நல்லா வந்துச்சா?"

வந்திருக்கிறது. இன்னும் அவளிடம் காட்டவில்லை.

மூன்று வாரம் ஆகிறது. வெளிச்சம் அதிகமானால் அவளுக்குத் தலை வலிக்கிறது. பள்ளிக்கு அரை நாள்தான் போகிறாள். அம்மா என்னுடன் பேசுகிறார், முன்பைவிடக் குறைவாக. விதையைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. தங்கை ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு, மறுபடி கேட்கிறாளா என்று காத்திருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை. மறுபரிசோதனை வியாழக்கிழமை.