குழை போட்டுக் கெட்ட வேட்டை

காட்டில் மானைக் காண்பது பெரிய காரியமில்லை. மனிதரைக் காணாமல் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பதுதான் பெரும்பாடு. அரசாங்கத்துக் காடு, கவுண்மேந்துக் காடு என்றால் அது ஊர்க்கிணறு மாதிரி. எவன் எப்போது வாளியைப் போடுவான் என்று யாருக்குத் தெரியும்?

ஐம்பதுகளின் கடைசியில், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வந்தவன் நான். வந்த இரண்டாம் வருடம் பக்கத்துப் பழைய ஊரில் பெண் எடுத்தேன். மனைவியின் தமையனிடம் துவக்கு இருந்தது. அவன் மான் விழுத்தினால் தேக்கிலையில் சுற்றிய பங்கொன்று எங்கள் வீட்டுக்கும் வரும். கொண்டுவருவது அவனுடைய பெண்சாதி. வாசல் படலையடியில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொல்லுவா:

"பாவம், யாழ்ப்பாணத்தில பனங்கொட்டை சூப்பின வாய். கத்தரிக்காயோட எத்தினை நாளைக்குத்தான் கிடக்கிறது?"

என் மனைவி வாங்கிச் சமைப்பாள். ருசி பார்க்காமலே இறக்கிவைப்பாள். ஒருநாள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, எனக்கு இந்தப் பாவ இறைச்சி இனி வேண்டாம். ஒருநாளைக்காவது இந்த வீட்டிலயிருந்து அந்த வீட்டுக்குப் பங்கு போகவேணும். அதுக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் கத்தரிக்காய் தாங்கோ, தின்னுறன்."

துவக்குக்கு விண்ணப்பம் போட்டேன். அது அரசாங்கக் கச்சேரியில் எந்த அலுமாரிக்குள் படுத்து நித்திரை கொண்டதோ, எழும்பவேயில்லை. மச்சானிடம் இரவல் கேட்டேன்.

"துவக்கையும் பல்லையும் இரவல் குடுக்கேலாது, மச்சான்" என்றான்.

அதன்பிறகுதான் வில்லை நினைத்தேன். விண்ணாங்குத் தடியைத் தணலில் வாட்டி வளைத்தேன். மரல் நாரில் நாண் திரித்தேன். கொல்லனைக் கெஞ்சி இரும்பு முனை அடிப்பித்து, மயிலிறகை வெட்டிக் கட்டி ஆறு அம்பு செய்தேன். வாழைக்குற்றியில் எய்து எய்து அதைச் சல்லடையாக்கினேன். ஊரார் சிரித்தார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நான் சொன்னேன். "வல்லவனுக்குத்தானே?" என்றான் மச்சான்.

துவக்குக்காரன் எட்ட நின்று சுடலாம். வில்லுக்காரனோ பத்துப் பாகத் தூரத்துக்குள் மானை வரவிடவேண்டும். ஆனிமாத வெயிலில் குளங்கள் வற்ற, காட்டுக்குள் ஒரு சிறு மோட்டையில் மட்டும் முழங்கால் தண்ணீர் நின்றது. மான் அங்கேதான் வரும். மோட்டைக்கரையில் ஒரு வீரை மரத்தின் பின்னால் பற்றையைக் குடைந்து இருப்பிடம் செய்தேன்.

காட்டுக்குள் நுழைகிறவன் வழிவாயில் நிற்கிற மரத்தில் ஐயனாருக்கு இலையோடு ஒரு குழை முறித்துத் தொங்கவிட வேண்டும். அது வன்னி வழக்கம். நான் வந்தேறியல்லவா, ஊரவனைவிட ஒருபடி கூடச் செய்வோம் என்று ஒவ்வொரு விடியலும் என் உயரத்துக்கு ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிட்டு, கும்பிட்டு, உள்ளே போனேன்.

முதல் நாள் வெயில் ஏறும் நேரம். நாலு மான் பற்றை ஓரம் வரை வந்துவிட்டன. வில்லை எடுத்தேன். தூரத்தில் ஒரு குரல்.

"கூ... உள்ளுக்கு ஆர்?"

மான் பறந்தது. நான் மறுகுரல் கொடுத்தேன். மாடு தேடி வந்த முஸ்லிம் நானா ஒருவர். முல்லைத்தீவில் கடை வைத்திருப்பவர்.

"தம்பி, நல்லகாலம் நீங்கள் மறுகுரல் குடுத்தது. இல்லாட்டி மான் எண்டு நினைச்சு என்னையெல்லோ எய்திருப்பியள்?" என்று சொல்லிக் குந்தியிருந்து தன் மாட்டின் குணங்களை எல்லாம் விவரித்தார். கதை என்றால் எனக்கும் உயிர். ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

இரண்டாம் நாள் பாலைப்பழம் பொறுக்க வந்த இரண்டு பெண்கள். "கூ!" மூன்றாம் நாள் தேன் எடுக்கிறவர். "கூ!" நாலாம் நாள் திரும்பவும் நானா, மாடு இன்னும் கிடைக்கவில்லையாம். குரல் கேட்டால் மறுகுரல் கொடுக்காமல் இருக்க முடியாது. பேசாமலிருந்து, அவர்கள் பயந்து, ஊரெல்லாம் ஆள் தேடக் கிளம்பினால்? மனிதர் ஓய்ந்த நேரத்தில் ஆட்காட்டிக் குருவி தன் பங்குக்கு மோட்டையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பதினொரு நாள்! காலில் உண்ணி கடித்த இடமெல்லாம் புண். தேக்கிலைப் பொட்டலம் மட்டும் இரண்டு தரம் வந்துபோனது. இரண்டாம் தரம் என் மனைவி அதை வாங்கியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வழிவாயில் மச்சான் வந்து நின்றான். என் கொப்பை அண்ணாந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், இது ஐயனாருக்குப் போட்ட குழையோ, கோயிலுக்குக் கட்டின தோரணமோ? வாடாத குழையைக் கண்டால் உள்ளுக்கு வேட்டைக்காரன் இருக்கிறான் எண்டு அர்த்தம். சூடு விழுந்திடும் எண்ட பயத்திலதான் சனம் கூ வைக்குது. நீ அரை மரத்தை முறிச்சு வைச்சால் கண் தெரியாதவனும் எல்லோ கூ வைப்பான்!"

"அப்ப நீ என்ன செய்யிறனி?"

"ஒரு இலை. மரத்துக்குப் பின்பக்கம். ஐயனாருக்குக் கண் நல்லாத் தெரியும்."

பதினொரு நாளும் இதைச் சொல்லாமல் இருந்தவனை என்ன செய்வது? வில்லால் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அடுத்த விடியல் ஒற்றை இலையை மரத்தின் பின்பக்கம் செருகினேன். நானா வழியால் போனார், கூ இல்லை. பெண்களின் சிரிப்பு தூரத்தில் கேட்டு ஓய்ந்தது. காற்று என் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு கலைமான் தனியே வந்து, தலையைத் தாழ்த்தித் தண்ணீரில் வாயை வைத்தது. அம்பை விட்டேன். முன்னங்கால் சப்பையின் பின்னே இறங்கியது. பாய்ந்து, நூறு அடி ஓடி, வண்டிப்பாதையில் விழுந்தது.

அங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. பன்னிரண்டு நாள் கூவுக்குக் கூவிப் பழகின வாய் அல்லவா?

"விழுந்திட்டுதடா!" என்று காடு அதிரக் கத்தினேன்.

நுணலும் தன் வாயால் கெடும். தோல் உரிபட முன்னர் வந்து நிற்கிறவனுக்கெல்லாம் பங்கு என்பது அந்த ஊர் வேட்டை முறை. நான் கத்தியை எடுக்க முன்னர் பாலைப்பழப் பெட்டியோடு இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். தேன் எடுக்கிறவர் புகைப்பந்தத்தோடு வந்தார். நானாவும் வந்தார்.

"எனக்கு வேண்டாம் தம்பி, இது எங்கடை முறைக்கு அறுத்ததில்லை" என்றார். நான் மூச்சுவிட முன்னரே, "ஆனால் என்ரை பங்கை இந்தப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. பெரிய குடும்பம்" என்றார்.

கூறு போட்டு முடிய எனக்கு மிஞ்சியது தலையும் தோலும் ஒரு பின்சந்தும். மனைவி பின்சந்தைக் கண்டதும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த முழுத் தொடையையும் தேக்கிலையில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போனாள்.

"எங்களுக்கு?" என்றேன்.

"தலை இருக்குத்தானே."

பின்னேரம் படலையடியில் குரல். தமையன் பெண்சாதி, கையில் சட்டியோடு.

"பாவம், எல்லாத்தையும் எங்களுக்குத் தந்திட்டு இதுகள் என்னத்தைத் தின்னப் போகுதுகள்? கொஞ்சம் கறி கொண்டு வந்தனான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பன்னிரண்டு நாள் உண்ணிக்கடி, ஆறு அம்பு, தோரணம், எல்லாம் போய்த் திரும்ப அதே பாவம், அதே படலையடியில்.

என் மனைவி சட்டியை வாங்கினாள். அவ நிற்கும்போதே மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள்:

"மச்சாள், உப்புக் காணாது."