ஷிஃப்ட் பஸ் பாடிய எர்லீன் கார்வர்

தைரியநாதன் முதல் ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவர். நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கில் கிளம்பி, வழியெல்லாம் ஆளேற்றி, சுரங்க வாசலில் கொண்டுபோய் இறக்குவார். ஓட்டுவதில் கெட்டிக்காரர். பாட்டு மட்டும் அவருக்குச் சுத்தமாக வராது. முத்தாண்டிக்குப்பத்தில் சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தவரை, "நீ வாய மட்டும் அசைப்பா, போதும்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அன்றோடு பாடுவதை விட்டவர், கேட்பதை மட்டும் விடவில்லை.

ஒரு முறை பண்ருட்டியில் 'ஆங்கில ஞானப் பாடல்கள்' என்று ஒட்டியிருந்த பென் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டில் போட்டுக் கேட்டதும் அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மொதப் பாட்டு சாமி பாட்டுதாங்க. அடுத்ததுல இந்தம்மா யாரையோ புடிச்சுத் திட்டிக்கினு இருக்கு. புருசனாத்தான் இருக்கும்."

ஸ்டெல்லா சொன்னது சரிதான். அந்தக் குரல் எர்லீன் கார்வர் என்ற அமெரிக்கப் பாடகியுடையது. சர்ச்சில் பாடத் தொடங்கி, பிறகு காதலையும் கோபத்தையும் அடிவயிற்றிலிருந்து பாடி உலகப் புகழ் பெற்றவர். இந்த விவரமெல்லாம் தைரியநாதனுக்கு அப்போது தெரியாது. அந்தக் குரல் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் ஸ்டெல்லா விடமாட்டாள் என்று பென் டிரைவை பஸ்ஸில் செருகிவிட்டார்.

"என்ன டிரைவரண்ணே, விடிஞ்சும் விடியாம ஒரு பொம்பள அழுவுது?" என்று முதலில் கேட்டவள் அம்சவல்லி. பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரி. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கும் கரியை அள்ளும் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஆனால் கேட்டவளே ஒரு மாதம் போனபின், பாட்டோடு சேர்ந்து முனக ஆரம்பித்தாள். பிறகு எலெக்ட்ரீஷியன் சிவக்குமார் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட்டார். அவர் லீவு நாளில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். என்ஜினியர் கிருஷ்ணப்ரியா, "இதுக்கு சோல் மியூசிக்னு பேருங்க, இவங்க அதுல பெரிய ஆளு" என்று எல்லோருக்கும் விளக்கினாள்.

பஸ்ஸைக் கிளப்பினால் பென் டிரைவ் எப்போதும் முதல் பாட்டிலிருந்துதான் ஓடும். அதனால் யார் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்களோ, அங்கிருந்துதான் அவர்களுக்குப் பாட்டு தெரியும். ஆர்ச் கேட்டில் ஏறும் அம்சவல்லிக்கு மூன்றாவது பாட்டின் பாதியிலிருந்து எல்லாம் மனப்பாடம். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

போன வருடம் ஒரு நாள் கிருஷ்ணப்ரியா ஏறியதும் போனைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். "அண்ணா, எர்லீன் கார்வர் இறந்துட்டாங்களாம்."

தைரியநாதன் பாட்டை நிறுத்தினார். இறங்கும்போது அம்சவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒரு கண்ணீர் அஞ்சலி பேனராவது வைக்கணும்ணே. இத்தினி நாளு நம்மகூட வந்துச்சே" என்றாள்.

எல்லோரும் சரியென்றார்கள். பேனரில் அந்தம்மா படம் பெரிதாக, கீழே பஸ்காரர்களின் படங்கள் வரிசையாக என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. சிவக்குமார்தான் தடுத்தார்.

"பேனர் ரெண்டு காத்துக்குத் தாங்காதுங்க. பாடினவங்களுக்குப் பாட்டுதான் போடணும். பஸ்ல கேட்ட மாதிரியே, ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு வர்ற மாதிரி, எல்லாத்தையும் கோத்து ஒரே பாட்டா ஒரு மெட்லி பண்ணுவோம். அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச துண்டை அவங்கவங்க பாடட்டும்."

பாட்டுகளின் உரிமை வைத்திருந்த கம்பெனிக்கு கிருஷ்ணப்ரியா விடாமல் மெயில் போட்டு அனுமதி வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பத்தில் மாடியறை ஸ்டூடியோ ஒன்றில் கூடினார்கள். முதல் பாட்டை சிவக்குமாரும் கிருஷ்ணப்ரியாவும் பாடினார்கள். அம்சவல்லி மைக் முன்னால் நின்று தன் பங்கைப் பாடியபோது, ஸ்டூடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் குரலை நேராகவே கேட்டார். ஒரு வார்த்தைக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தக் கோபம் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நடுவில் ஒரே ஒரு இடம் இடித்தது. ஆஸ்பத்திரியைக் கடக்கும்போது தைரியநாதன் சத்தத்தைக் குறைத்துவிடுவார். இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் அந்தச் சில வரிகள் டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். வேறு யாருக்கும் தெரியாது.

"நான் போன்ல கேட்டுப் பாடிடறேனே" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"வேணாம்மா. அது அண்ணனோட துண்டு. அண்ணன்தான் பாடணும்" என்றாள் அம்சவல்லி.

தைரியநாதன் கதவுப் பக்கம் நகர்ந்தார். "சும்மா இரும்மா. எனக்குப் பாட வராது. நான் பாடினா பாட்டு கெட்டுடும்."

"உங்களுக்கு பஸ் ஓட்டத் தெரியும்ல? ரோட்டைப் பாத்துக்கினே பாடுங்க. நான் எதிர்ல நிக்கறேன்."

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். துணைக்கு வந்திருந்த ஸ்டெல்லா, "பாடுங்க. இங்க உங்கள யாரு கேக்கப் போறா, எல்லாம் நம்ம சனம்தானே" என்றாள்.

முதல் தடவை குரல் எழும்பவே இல்லை. இரண்டாம் தடவை சுதியை விட்டு எங்கேயோ போயிற்று. அம்சவல்லிக்கு அந்த வரிகள் தெரியாவிட்டாலும், எதிரில் நின்று சுதியை மட்டும் தாழ்வாக முனகி வழிகாட்டினாள். அவர் கண்ணைச் சுவரில் நட்டு, கைகளை ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு பாடினார். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில், கரகரவென்று, ஒரு தனி ஆள் யாரிடமோ மன்றாடுவதுபோல் வந்தது. முடித்ததும், தப்பாகிவிட்டது என்று நினைத்து வெளியே போகக் கிளம்பியவரை சிவக்குமார் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி! மெட்லிக்கு உசுரே இந்த இடம்தான்!"

ஸ்டெல்லா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. இத்தினி வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் உங்க குரலே கேக்கறேன்" என்றாள்.

'எர்லீனம்மாவுக்கு' என்ற பெயரில் மெட்லி வெளியானது. உலகத்தையெல்லாம் அது புரட்டிப் போடவில்லை. ஆனால் மற்ற ஷிஃப்ட் பஸ்களில் ஓடியது, டீக்கடைகளில் ஓடியது. அம்சவல்லியைக் கச்சேரிக்குக் கூப்பிட்டு சிவக்குமாரின் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் அவள் பட்டுப்புடவை கட்டி மேடையேறுகிறாள்.

கிறிஸ்துமஸுக்குப் பிளாக் மைதானத்தில் நடந்த கச்சேரியில் மெட்லியையும் பாடினார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தைரியநாதன் பாட்டின் நடுவில் மேடையேறி, தன் வரிகளை மட்டும் பாடிவிட்டு இறங்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். அவர் வெட்கத்தோடு வந்து ஸ்டெல்லா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் நீட்டிய சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடியிருக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா.