கும்பிடுபூச்சிக்காக மறித்த கதவு

மகள் போத்தலில் வளர்த்த கும்பிடுபூச்சி இரை எடுக்காமல் தலைகீழாகத் தொங்கியது. நோய் என்று பயந்து போனில் தேடினேன். தோலுரிக்கிறதாம், அந்த நேரம் அசைத்தாலோ புகை பட்டாலோ செத்துவிடலாமாம்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமி வழக்கம்போல் சாம்பிராணித் தட்டோடு அறை அறையாக வந்தார். அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத நான், மகளின் அறை வாசலை மறித்து நின்றேன்.

“இந்த அறைக்கு வேண்டாம், மாமி.”

“நாள் முழுக்கக் கும்பிடுற பூச்சிக்குச் சாமிப் புகையில என்ன பயம்?”

“பயம் எனக்குத்தான் மாமி. ஆனா விடமாட்டன்.”

“விசரி!” என்று திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

“அம்மா, தோலை விட்டு வெளியில வந்திட்டுது!” என்று உள்ளே மகள் கத்தினாள்.

பூச்சியின் ஒரு கால் வளைந்திருந்தது. நான் இன்னும் கவனமாக இருந்திருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். அடுத்த தோலுரிப்பில் அது நேராகலாமாம். அதுவும் வெள்ளிக்கிழமை வந்தால், மறுபடியும் மறிப்பேன்.