அண்ணாவின் கோப்பு

வெளிர்நீலக் கோப்பு அது. ஜேர்மனியில் ஒரு நகரசபையில், அரச ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மருத்துவச் செலவில் பங்கு கொடுக்கும் பிரிவில், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என் மேசைக்கு வந்தது. விண்ணப்பித்தவர் நகரின் தீயணைப்பு வீரர். வாழ்க்கைத் துணை என்ற இடத்தில் என் அண்ணாவின் பெயர். முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அண்ணா கடற்கரையோரப் புனர்வாழ்வு நிலையமொன்றில் நான்கு கிழமை தங்க முன் அனுமதி கேட்டிருந்தார்கள். அங்கே கட்டிலை மாதக் கடைசி வரைதான் ஒதுக்கி வைத்திருப்பார்களாம்.

உறவினரின் கோப்பை நாங்கள் பார்க்கக்கூடாது. "இது என் அண்ணா" என்று ஒரு வரி எழுதி மாற்றிவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மாற்றினால் அது எதிர்மேசை அக்காவிடம் போகும். பிரிவில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர் அவர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர். மூத்தவன் ஒரு சிநேகிதனோடு வீடு எடுத்து இருக்கிறான் என்பதுதான் அங்கே அம்மா சொல்லும் கதை. நானும் அதையே சொல்லிவந்தேன். கோப்பைத் தட்டின் அடியில் வைத்தேன். மூன்று கிழமை அது அங்கேயே கிடந்தது.

அண்ணாவின் முதுகு போனது உணவகச் சமையலறைகளில். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பரீட்சைக் காலங்களில் அவர் சொல்வார்: "சட்டியை நான் தூக்கிறன், நீ பேனையைத் தூக்கு. அதுவும் பாரம்தானாம், கேள்விப்பட்டனான்." அவருடைய பதிவுத் திருமணத்துக்கு அழைத்தபோது எனக்குப் பரீட்சை என்றேன். அன்றைக்குப் பரீட்சை ஏதும் இருக்கவில்லை.

அந்த மூன்று கிழமைகளில் இரண்டு தரம் தொலைபேசியில் பேசினார். அம்மா சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறாரா என்று கேட்டார், காருக்குக் குளிர்கால டயர் மாற்றிவிட்டேனா என்று கேட்டார். கோப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிலுக்கான தவணை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் கோப்பை எடுத்துக்கொண்டு எதிர்மேசைக்குப் போனேன். "அக்கா, இது என்ர அண்ணா."

அவர் திகதியைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் உன்ர மேசையிலயோ கிடந்தது?"

"ஓம்."

"எனக்குப் பயந்தோ? விசரா, அவையின்ர கலியாணத்துக்கு நான் போனனான். உன்னைத்தான் காணேல்லை."

மத்தியானத்துக்குள் அனுமதி போட்டுவிட்டார். கட்டில் போய்விட்டது. அடுத்த இடம் கிடைக்கப் பத்துக் கிழமை ஆனது. அண்ணாவின் இடது காலில் மரப்பு இன்றைக்கும் இருக்கிறது. தாமதத்தால்தானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அனுமதி போட்டதற்கு அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணா சாய்மனையில் படுத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், விண்ணப்பம் கிடைத்தது என்று எங்கள் கணினி கோப்பு வந்த அன்றே தானாக அனுப்பும் கடிதம் ஒட்டியிருந்தது. பொறுப்பான அலுவலர் என்ற இடத்தில் என் பெயர். அதன் கீழே பேனையால் கோடு இழுத்திருந்தது.

தேநீர் கொண்டுவந்த அவருடைய கணவர் நான் பார்ப்பதைக் கவனித்தார். "உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். இவன் விடவில்லை," என்றார் ஜேர்மன் மொழியில். "தம்பி பார்ப்பான் என்றான்." தம்பி என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னார்.

"அண்ணா..." என்று தொடங்கினேன். அண்ணா என்னைப் பார்க்காமல், "தேத்தண்ணி ஆறுது, குடியடா," என்றார்.